சைரனும் துரைசானி நாற்காலியும்

கொடைக்கானலில் இன்று நடமாடிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர், ஒருமுறையாவது சைரனால் மல்லாக்கப் படுக்கவைத்து மலையிறக்கப்பட்டவர்கள். மீதிப் பாதிப் பேர், அவர் வண்டிக்கு வழிவிட்டு ஓரத்தில் ஒதுங்கியவர்கள். மூன்றாவது வகை அந்த ஊரில் கிடையாது.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அதை ரேஷன் கடைக்காரர்கூடப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு வண்டிக்குத்தான், குரலுக்கு இல்லை. ஏரிக்கரையில் நின்று "என்னப்பா" என்றால் நாலு குதிரைக்காரர்களும் இரண்டு குதிரைகளும் திரும்பிப் பார்க்கும். நடந்து போனாலும் நடு ரோட்டில்தான் போவார். எதிரே வருகிற டாக்ஸிகள் பழக்க தோஷத்தில் ஒதுங்கிக்கொள்ளும்.

மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது. வியாதியும் அது முற்றிய இடமும் நிற்கும். சந்தையில் மனைவியோடு காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்து, "நீங்க டம்டம் பாறைகிட்ட வாந்தி எடுத்தவருதான? இப்ப வயிறு எப்படிங்க இருக்கு?" என்று விசாரிப்பார். ஒரு பொதுக்கூட்டத்தில், மேடையில் வீராவேசமாகப் பேசிக்கொண்டிருந்த பிரமுகரைக் காட்டி, "இவரு பெருமாள்மலை தாண்டுறதுக்குள்ள அம்மான்னு அழுதுட்டாருல்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகச் சொன்னார். சைரனின் ரகசியம் மைக்கில் விழுந்தது. பிரமுகர் அதற்குமேல் பேசவில்லை.

என்னை அவர் 'கல்லடைப்பு' என்று கூப்பிடுவார். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மலையில் இருந்து வத்தலகுண்டு வரைக்கும் நான் போட்ட சத்தத்தில் அன்று வண்டிக்கு சைரனே தேவைப்படவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்போது நான் ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். ஓர் அறக்கட்டளை, பழைய பங்களா ஒன்றில் அதை நடத்திவந்தது. பாடம் செய்த பறவைகள், துரை வீட்டுப் பீங்கான்கள், ஓடாத கடிகாரங்கள். நடுக் கூடத்தில், இரண்டு பக்கமும் நீளக் கம்பு கோத்த ஒரு தேக்கு நாற்காலி. முன்னால் லேபிள்: 'துரைசானி நாற்காலி. ஆங்கிலேயச் சீமாட்டிகள் உல்லாசமாக மலையேறுவதற்குப் பயன்படுத்தியது.'

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம், மழைக்கு ஒதுங்கத்தான் சைரன் உள்ளே வந்தார். பறவைகளைப் பார்க்கவில்லை. நேரே நாற்காலியிடம் போனார். சுற்றி வந்தார். குனிந்தார். முட்டி போட்டார். கடைசியில் தரையில் மல்லாந்து படுத்து நாற்காலிக்கு அடியில் தலையை விட்டுவிட்டார். திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து சோடா வாங்க ஓடியது.

"ஏலே கல்லடைப்பு, இங்க வா. இது நாற்காலி இல்லலே. ஆம்புலன்ஸு."

"அண்ணே, லேபிள்ல போட்டிருக்கு பாருங்க. துரைசானிங்க உல்லாசமா..."

"லேபிள் எழுதுன ஆளு எத்தனை பேஷண்ட மலையேத்திருக்காரு?"

பிறகு படுத்தபடியே பாடம் நடத்தினார். முதுகுச் சாய்மானம் மூன்று நிலையில் நிற்கும்படி பின்னால் வெட்டு வெட்டியிருக்கிறது. கைப்பிடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. மருந்துப் புட்டி வைப்பதற்கு. கைப்பிடிக்கு அடியில் மரம் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. வார் போட்டு இறுக்கிய தடம். உட்காரும் பலகைக்கு நடுவில் ஓர் ஓட்டை, அதை மூடித் திறக்க ஒரு தள்ளுப் பலகை.

"உல்லாசமா வர்ற துரைசானிக்கு அடியில எதுக்குலே ஓட்டை?" என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "பேதி."

அந்தச் சொல் கூடம் முழுக்கச் சுற்றி வந்தது. சோடாவோடு திரும்பிய திருப்பூர்க் குடும்பம் சோடாவோடு அப்படியே வெளியேறியது.

மறுநாள் வெள்ளனே, நான் பூட்டைத் திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றார். அதற்கடுத்த நாளும். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் யாரும் கேட்காத விளக்கத்தைக் கொடுத்தார். தேனிலவுக்கு வந்த தம்பதிகள் நாற்காலிக்கு முன்னால் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுக்கும்போது, பின்னாலிருந்து, "காய்ச்சல் கண்டவுகள இதுலதான் கட்டித் தூக்கியாருவாக" என்பார். புதுப்பெண் நாலடி தள்ளி நிற்பாள். இணையத்தில் எங்களுக்கு வந்த விமர்சனங்களின் போக்கு மாறியது. 'நல்ல இடம். அமைதியான சூழல். ஓர் அங்கிள் மட்டும் வயிற்றுப்போக்கு பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்' என்று ஒரு பெண் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தாள்.

கியூரேட்டர் அருள்மேரி மேடம் மதுரைக்காரர். ஐம்பது வயது இருக்கும். மெல்லப் பேசுவார். ஆனால் பேசி முடித்த பிறகு எதிரே இருப்பவருக்கு வேறு சொல் கிடைக்காது. அவர் சைரனை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அய்யா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். தப்பாவும் இருக்கலாம். ஒருத்தர் சொன்னாருன்னு லேபிள மாத்த முடியாது. ஆதாரம் வேணும். ஏதாச்சும் ஒரு சங்கமோ ஆராய்ச்சி அமைப்போ எழுத்துல குடுத்தா கமிட்டியில வைக்கிறேன்."

மரியாதையாக ஒருவரை அனுப்பிவைப்பதற்கு மேடம் வைத்திருந்த வாசகம் அது. அதைக் கேட்ட யாரும் திரும்பி வந்ததில்லை. சைரனுக்கோ அதில் 'சங்கம்' என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது.

இதற்கிடையில் இன்னொரு விஷயம் இருந்தது. புதிதாகத் திறந்த ரிசார்ட் ஒன்று அந்த நாற்காலியைத் தன் வரவேற்பறைக்குக் கேட்டிருந்தது. விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து, சிப்பந்திகள் கம்பைப் பிடித்துத் தூக்குவதுபோல நின்று, படம் எடுத்துக்கொள்வதற்காம். கொடுத்துவிடலாம் என்று அறக்கட்டளைக் கமிட்டியில் பலருக்கு எண்ணம். மாதக் கடைசியில் கூட்டம். மேடத்துக்கு இதில் விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு துரைசானியின் உல்லாச நாற்காலியை உல்லாச விடுதிக்குத் தரக்கூடாது என்று எதை வைத்து வாதாடுவது?

இதை நான் சைரனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பேஷண்டு வண்டியில மாப்பிள்ள ஊர்வலமா," என்று மட்டும் கேட்டார்.

மூன்றே நாளில் பழனிமலை மருத்துவ வரலாற்றுச் சங்கம் உருவானது. ஏழு பேர் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சைரன் ஆள் சேர்த்த விதம் தனி. சாக்லேட் கடை முதலாளியிடம் போய் உறுப்பினர் படிவத்தை நீட்டினார். அவர், "எனக்கு யாவாரம் இருக்குதுங்க. இந்த வரலாறெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார்.

"நெஞ்ச புடிச்சிக்கிட்டு கெடந்தீகளே, அன்னைக்கு நான் வெரசா போகலன்னா இன்னைக்கு நீங்களே வரலாறுதான்," என்றார் சைரன். முதலாளி கையெழுத்துப் போட்டார்.

வில்பட்டி காரட் விவசாயி ஒருவர் கழுத்தெலும்பு முறிந்து போனவர். அவரிடம் இதைக்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை. சைரன் அவர் தோளை ஒருமுறை தடவிக் கொடுத்தார், அவ்வளவுதான். இப்படி ஐந்து பழைய நோயாளிகள், தலைவராக அவர், செயலாளராக நான். நான் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிராகவே நான் செயலாளர். முறைப்படி பதிவு செய்ய நேரமில்லை. ரப்பர் ஸ்டாம்பு செய்ய நேரமிருந்தது.

முதல் கூட்டம் சாக்லேட் கடையின் பின்கட்டில் நடந்தது. மருத்துவ வரலாறு என்றதும் ஒவ்வொருவரும் அவரவர் வரலாற்றை ஆரம்பித்தார்கள். "அன்னைக்கு நல்ல மழை..." என்று ஒருவர் தொடங்குவார். "மழை இல்லங்க, பனி. மழை உங்க மச்சான் விழுந்த அன்னைக்கு," என்று தலைவர் திருத்துவார். இரண்டு மணி நேரம் போனது. தீர்மானம் ஏதும் நிறைவேறவில்லை. எல்லோருக்கும் உடம்பு லேசான மாதிரி இருந்தது.

அருள்மேரி மேடத்தை மட்டும்தான் அவரால் மடக்க முடியவில்லை. "மேடத்துக்கு ஒடம்புக்கு ஏதும் வந்ததே இல்லையாலே?" என்று என்னிடம் ஏக்கத்தோடு கேட்டார். "ஒரு பல்வலிகூட?"

ஆதாரத்துக்காக ஊரில் இருந்த பழைய நூலகத்துக்குப் போனோம். காலையில் மட்டும் திறக்கும் தனியார் நூலகம். நூலகர், உதட்டில் விரலை வைத்தபடியே பிறந்தவர் போல இருப்பார். சைரன் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியதில், இரண்டாம் நாளே எங்களை, கிழிந்த புத்தகங்கள் அடுக்கிவைத்த பின்னறைக்கு மாற்றிவிட்டார். அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. எங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது.

மிஷன் டாக்டர்கள் எழுதிய குறிப்புகள், கடிதங்கள், ஆண்டறிக்கைகள். எல்லாம் ஆங்கிலம். நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு டாக்டர் காய்ச்சலின் காரணத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருப்பார். முடிந்ததும் சைரன் கேட்பார்:

"எத்தனை மணிக்கு அடிவாரத்துல கெளம்புனாக?"

"அது எழுதலண்ணே."

"என்ன டாக்டரு."

மலையேறுவதற்கு ரோடு இல்லாத காலத்தில், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செண்பகனூருக்கு ஒரு குதிரைப் பாதை இருந்தது. சமவெளியில் காய்ச்சல் கண்ட வெள்ளைக்காரர்கள் குளிர்ந்த காற்றில் குணமாகலாம் என்று அந்த வழியாகத்தான் மேலே வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை எந்த டாக்டரும் எழுதவில்லை. வந்தார்கள், அவ்வளவுதான். பதினோராம் நாள், தட்டச்சு செய்து தைத்த ஒரு நோட்டில் எனக்கு ஒரு பத்தி கிடைத்தது. வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலுமாக இருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியையை, தச்சனிடம் சொல்லிப் பலகையில் துளை போட்டு வாங்கிய சாய்வு நாற்காலியில் கட்டி, எட்டுக் கூலிகள் தூக்கிவந்தார்கள், வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது, பிழைத்துக்கொண்டாள்.

சைரன் என்னை அதை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

"எட்டுப் பேரோட பேரு என்ன?"

"பேரு போடலண்ணே."

"அந்த டீச்சரு பேரு?"

"இருக்கு."

"டாக்டரு பேரு?"

"அட்டையிலயே இருக்கு." எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "டாக்டர் வீட்டு நாய் பேருகூட மூணு எடத்துல இருக்குண்ணே."

அவர் அதற்குச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பத்தியைப் படியெடுத்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, சங்கத்தின் சார்பில் மேடத்திடம் கொடுத்தோம். மேடம் இரண்டு முறை படித்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஓர் ஆர்வம் தெரிந்தது. ஆனாலும் மேடம் மேடம்தான்.

"இதுல ஒரு நாற்காலின்னு இருக்கு. இந்த நாற்காலின்னு எங்க இருக்கு? கமிட்டியில முதல் கேள்வியே அதுதான் வரும். அப்புறம், மேட்டுல ஏறும்போது நோயாளி தலைய மேல் பக்கமா வச்சுத்தான தூக்கணும்? சாஞ்ச நாற்காலியில ஆளு கால் பக்கமா வழுக்கி விழுந்துர மாட்டாங்களா?"

சைரன் கேட்டார்: "தூக்கிக் காட்டுனா ஒத்துக்கிருவீகளா?"

"அளந்து பார்ப்பேன்," என்றார் மேடம்.

பந்தல்காரரிடம் ஒரு பழைய பிரம்பு நாற்காலி கிடைத்தது. அருங்காட்சியக நாற்காலியின் அளவுக்கே தச்சர் அதன் முதுகைச் சாய்த்து, கைப்பிடி வைத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் நீள மூங்கில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செண்பகனூருக்குக் கீழே பழைய பாதையின் மிச்சம் ரோட்டைத் தொடும் இடத்தில் சங்கம் கூடியது. மேடமும் டேப்போடு வந்திருந்தார். சுமக்க எட்டுப் பேர்: தலைவர், ஐந்து உறுப்பினர்கள், வில்பட்டியிலிருந்து காரட் மூட்டை ஏற்றும் தொழிலாளர்கள் இருவர். கழுத்தெலும்பு ஒட்டியவர், நெஞ்சுவலி கண்டவர், குடலிறக்கம் தைத்தவர் எல்லோரும் சுமந்தார்கள். திடகாத்திரமாக இருந்த நான் படுத்திருந்தேன். குளிருக்குக் கழுத்து வரைக்கும் போர்வை.

கொஞ்ச தூரம் ரோட்டோரமாகப் போக வேண்டியிருந்தது. எதிரே வந்த டவுன் பஸ் எங்களைப் பார்த்ததும் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். சிலர் இறங்கினார்கள். குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "யாருங்க தவறுனது?" என்று வருத்தமாகக் கேட்டார்.

"யாரும் இல்லங்க, நான்தான்," என்றேன் நான், தலையைத் தூக்கி.

பெரியவர் ஏறிய வேகத்தில் பஸ் கிளம்பிவிட்டது.

பாதையில் ஏற்றம் தொடங்கியதும் மேடம் சொன்னதே நடந்தது. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் நான் வழுக்கி வழுக்கி, கயிறு கழுத்துக்கு வந்துவிட்டது. சாக்லேட் கடை முதலாளி வேறு பத்தடிக்கு ஒருமுறை இறக்கிவைக்கச் சொல்லித் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். சைரன் கயிற்றை அவிழ்த்தார். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் கட்டுகிற பழக்கத்தில், அக்குளுக்குக் கீழே ஒன்றும் தொடையில் ஒன்றுமாகக் கட்டி, கைப்பிடிக்கு அடியில் கொடுத்து இறுக்கினார். அதற்குப் பிறகு நான் ஓர் அங்குலம் நகரவில்லை. மேடம் டேப்பை எடுத்துக் கயிறு விழுந்த இடங்களை அளந்தார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அருங்காட்சியக நாற்காலியின் தேய்மானத் தடங்களை அவர் முன்பே அளந்து வைத்திருந்தார். இரண்டையும் ஒத்துப் பார்த்தார். தாளை என்னிடம் நீட்டினார். நான் கட்டுண்டு கிடந்ததால் கண்ணால் மட்டும் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன.

மற்றவர்கள் கைதட்டினார்கள். சைரன் தட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏறுவோம்," என்றார்.

ஏறினோம். என் தலைக்கு இடது பக்கம் கம்பைத் தோளில் தாங்கியிருந்தவர் அவர்தான். கொஞ்ச தூரத்தில் அவர் குரல் நின்றுபோனது. அவருடைய மூச்சு மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இறக்கி வைத்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்து சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது. கீழே பெரியகுளம் பக்கம் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

"பேஷண்டு முனகுனா காதுக்குள்ளயே கேக்கும்லே," என்றார். "எனக்காச்சும் வண்டியில நடுவுல ஒரு கண்ணாடி இருந்துச்சு."

அன்று முழுவதும் அவர் வேறெதுவும் பேசவில்லை. முப்பது வருஷத்தில் ஊர் அப்படி ஒரு நிசப்தத்தைக் கேட்டதில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் மேடம் வாதாடினார். "பேதி நாற்காலின்னு எழுதி வச்சா எவன் பார்க்க வருவான்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டாராம். "எல்லாருக்கும் வயிறு இருக்கே சார்," என்றாராம் மேடம். ரிசார்ட்டுக்கு மறுப்புக் கடிதம் போனது. லேபிளை மாற்ற ஒப்புதல் கிடைத்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். சைரனோ மறுநாள் மேடத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எட்டுப் பேரின் பெயரும் லேபிளில் வர வேண்டும் என்றார்.

"பேரு தெரியாதே அய்யா."

"தெரியலன்னு எழுதுங்க மேடம்."

"லேபிள்ல தெரிஞ்சதைத்தான் எழுதுவாங்க. தெரியாததை எழுதுறது வழக்கமில்ல."

"எட்டுப் பேரு தூக்குனாகன்னு நமக்குத் தெரியும். அவுக பேர எவனும் எழுதி வைக்கலங்கிறதும் தெரியும். ரெண்டும் தெரிஞ்சதுதான மேடம்?"

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்த பிறகு எதிரே இருப்பவருக்குச் சொல் கிடைக்காமல் போவது அந்த அறையில் அன்றும் நடந்தது. இந்தத் தடவை பேசி முடித்தவர் சைரன். மேடம் பேனாவை எடுத்தார்.

'நோயாளிகளைச் சமவெளியிலிருந்து மலைக்குச் சுமந்துவந்த நாற்காலி. ஒரு பயணத்துக்கு எட்டுப் பேர் சுமந்தார்கள். அவர்களின் பெயர்கள் எழுதி வைக்கப்படவில்லை.'

லேபிள் ஒட்டுகிற நாளன்று சங்கம் முழுவதும் வந்திருந்தது. முதலாளி ஒரு பெட்டி சாக்லேட் கொண்டுவந்திருந்தார். மேடம் பட்டுப்புடவை கட்டியிருந்தார். சைரனை மட்டும் காணவில்லை. மழையிலும் பனியிலும் நாள் தவறாமல் வந்த மனிதர். ஃபோனை எடுக்கவில்லை. மேடமே லேபிளை வைத்தார். நான் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து டவுன் பஸ்ஸைப் பிடித்துச் செண்பகனூரில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். ஓடும்போது மனதில் என்னென்னவோ வந்துபோயின.

அவர் வீட்டுக்கு முன்னால் பீன்ஸ் கொடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, எல்லாரும் காத்துக்கெடக்கோம், நீங்க இங்க நிக்கிறீக?"

"வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"நேரா இருக்கா?"

"நேரா இருக்கு. மேடம் ரசமட்டம் வச்சுப் பார்த்தாங்க."

"அப்ப சரி." அவர் அடுத்த குச்சியை எடுத்தார். "கேசுவாலிட்டி வாசல் வரைக்கும்தான்லே நம்ம சோலி. உள்ள எடுத்துட்டுப் போனபெறகு நம்ம அங்க நின்னா அவுகளுக்கு எடைஞ்சல். வண்டியத் திருப்பிறணும்."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"சோறு இருக்கு. மொதல்ல இந்தக் குச்சியப் பிடி. சாயாம பிடி."

பிடித்தேன். அவர் மண்ணை அணைத்துக் காலால் மிதித்தார். மேலே ரோட்டில் நான் திரும்பிப்போக வேண்டிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சாப்பிட்டு முடித்து, மீதிக் குச்சிகளையும் நட்டு, இரண்டு முறை டீயும் குடித்தோம். அதற்குள் இன்னும் இரண்டு பஸ் போயின. அவர் போகச் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.